தண்ணீர் படக்கூடாத பெட்டி

ஜீப்பின் மூளைக்குள் ஒரு தேக்கரண்டி தண்ணீர் இருந்தது.

தேவதாஸ் பெட்டியை மெதுவாகச் சாய்த்து, அந்தத் தண்ணீரை உள்ளங்கையில் வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மகள் சந்திரிகாவிடமும் காட்டினார்.

"செத்துப் போச்சாப்பா?"

"சாகலம்மா. மூச்சுத் திணறுது."

சனிக்கிழமை காலை. தோட்டத்து ஆபீசுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் ஜீப் நின்றது. சாவியைத் திருப்பினால் எஞ்சின் இரண்டு தடவை இருமும், ஒரு தடவை தும்மும், பிறகு ஒன்றும் தெரியாததுபோல் இருந்துவிடும். முந்தின நாள் வரைக்கும் நன்றாக ஓடிய வண்டி.

கோலசிலாங்கூருக்கும் பத்தாங் பெர்ஜுந்தைக்கும் நடுவில் ரப்பரும் செம்பனையும் போட்டிருந்த அந்தத் தோட்டத்துக்கு இப்படி ஒரு ஜீப் வந்தது அதுதான் முதல் தடவை. கோலாலம்பூர் பெரிய ஆபீசில் ஒரு வருஷம் ஓடிவிட்டு, செப்டம்பரில் தோட்டத்துக்கு வந்தது. நான்கு சக்கரமும் இழுக்கும். பெட்ரோல் வண்டி. அதில் கார்புரேட்டர் இல்லை.

கார்புரேட்டர் இல்லாமல் எஞ்சின் எப்படி ஓடும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் தேவதாஸ் விளக்கினார். கேட்காதவர்களுக்கும் விளக்கினார். பதினெட்டு வருஷமாகத் தோட்டத்து டிரைவர், ஃபிட்டர் இரண்டும் அவர்தான். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டால் அதை இன்னொருவரிடம் சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது.

"பழைய வண்டியில காத்து போற வேகத்துல பெட்ரோல தானா உறிஞ்சிக்கிட்டுப் போவும். கணக்கு வழக்கு கெடையாது. இதுல அப்படி இல்ல. எவ்வளவு காத்து வருது, எஞ்சின் எவ்வளவு சூடு, நான் கால எவ்வளவு அழுத்துறேன், எல்லாத்தையும் ஒயரு வழியா இந்தப் பெட்டி கேட்டுக்கும். கேட்டுட்டு, இந்தா இவ்வளவு பெட்ரோல் ஊத்துன்னு உத்தரவு போடும். நிமிசத்துக்கு ஆயிரம் தடவ."

இப்படிச் சொல்லிக்கொண்டே முன்சீட்டைத் தூக்கிக் காட்டுவார். சீட்டுக்கு அடியில், கணக்கு நோட்டு அளவில் ஓர் அலுமினியப் பெட்டி. பக்கவாட்டில் கட்டை விரல் பருமனுக்கு ஒயர்க் கொத்து.

ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் வந்து பார்த்தார். ரப்பர்ப் பால் வெட்டுகிற பெண்கள் வந்து பார்த்தார்கள். மாரியம்மன் கோயில் பூசாரி சன்னாசி இரண்டு தடவை வந்து பார்த்தார்.

"இவ்வளவு சின்னதா இருக்கேண்ணே."

"மூளை எல்லாருக்கும் சின்னதுதான் சன்னாசி."

மேனேஜர் மட்டும் பார்க்கவில்லை. அவர் சாவியைக் கொடுத்தபோதே சொல்லிவிட்டார். "பரீட்சை நாளெல்லாம் உன் மகளைக் கூட்டிட்டுப் போக எடுத்துக்கோ. ஆனா அந்தக் கம்ப்யூட்டர்ல மட்டும் தண்ணி படக்கூடாது. பட்டா நடு ரோட்டுல நின்னுடும்."

அந்தப் பரீட்சைதான் விஷயம். சந்திரிகா அந்த வருஷம் பள்ளி இறுதிப் பரீட்சையான எஸ்.பி.எம். எழுதுகிறாள். தொழிலாளர் குடியிருந்த அந்த லயத்திலிருந்து அறிவியல் பிரிவில் அதை எழுதப்போகிற முதல் ஆள் அவள்தான். பள்ளிக்கூடம் கோலசிலாங்கூர் டவுனில். தோட்டத்திலிருந்து பெரிய சாலைக்கு இரண்டு மைல் செம்மண் பாதை. பெரிய சாலையை நெருங்கும்போது ஒரு பள்ளம், பள்ளத்தை ஒட்டி ஒரு பெரிய வாய்க்கால். நவம்பர், டிசம்பரில் கடல் ஏறும்போது ஆற்றுத் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் வாய்க்காலுக்குத் திரும்பும். வாய்க்கால் பள்ளத்துக்குத் திரும்பும். மேலே மழை, கீழே கடல், நடுவில் எஸ்.பி.எம்.

முந்தின வருஷம் அந்தப் பள்ளத்தால் பள்ளிக்கூட வேன் நான்கு நாள் வராமல் நின்றுபோனது. ஒரு தாள் போனால் போனதுதான்.

தேவதாஸ் இதை ஒரு ராத்திரி சாப்பாட்டின்போது மனைவி லீலாவதிக்கு முழுசாக விளக்கினார்.

"மனுசனுக்கு மூளை எப்படியோ அப்படித்தான் லீலா இந்தப் பெட்டி. இதுல தண்ணி பட்டுச்சுன்னா..."

"பட்டா?"

"உம்மக வீட்டுல ஒக்காந்துதான் பரீட்சை எழுதணும்."

சோறு பிசைந்த லீலாவதியின் கை நின்றது. பிறகு வேறு எதையோ பேசுவதுபோல் சொன்னாள்: "இனிமே வெள்ளிக்கெழம மத்தியானம் மட்டும் வீட்டுக்கு வந்து சாப்புடுங்க. டிபன் கட்டித் தரமாட்டேன். பாயசம் வெக்கிறேன்."

தேவதாஸுக்குப் பாயசம் பிடிக்கும். மேற்கொண்டு கேள்வி கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமைதான் அந்தத் தேக்கரண்டித் தண்ணீர்.

"நேத்து ஜீப்ப கழுவுனேன்ல. டியூப் வெச்சு அடிச்சேன். அது வழியாத்தான் பூந்திருக்கு" என்று தேவதாஸ் உடனே கண்டுபிடித்தார்.

பெட்டியை முறத்தில் வைத்து வெயிலில் காயவைத்தார். சாயந்திரம் எஞ்சின் ஒரே திருப்பில் எழுந்தது. அன்றோடு ஜீப் கழுவுவதை நிறுத்தினார். கூடவே இன்னொரு வேலையும் செய்தார். பெட்டி மூடியில் இருந்த நான்கு திருகாணிகளைக் கழற்றிவிட்டு, விரலாலேயே திருகுகிற மாதிரி இரண்டு காது வைத்த நட்டுகளை மாட்டினார். நோயாளியைத் தினமும் திறந்து பார்க்க வேண்டும் அல்லவா?

அந்த நட்டு எவ்வளவு வசதி என்பதையும் எல்லாருக்கும் திறந்து மூடிக் காட்டினார்.

ஒரு வாரத்தில் ஜீப் செம்மண் நிறத்துக்கு மாறியது. அடுத்த சனிக்கிழமை பெட்டிக்குள் ஒரு கரண்டித் தண்ணீர் இருந்தது.

"கழுவவே இல்லையேப்பா" என்றாள் சந்திரிகா.

"அப்பன்னா கீழேருந்து வருது. பாதையில சேறு தெறிக்குது பாரு."

பெட்டியை ஒரு பலகை மேல் ஏற்றினார். தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை ரப்பர் வளையத்தால் இறுக்கினார். மழையில் ஓட்டிப் பார்த்தார், சேற்றில் ஓட்டிப் பார்த்தார். வியாழக்கிழமை வரை ஒரு சொட்டு இல்லை. வெள்ளிக்கிழமை மதியம் நிம்மதியாகப் போய்ப் பாயசம் சாப்பிட்டார்.

சனிக்கிழமை பிளாஸ்டிக் பை, வாங்கிவந்த தங்கமீன் பைபோல் தொங்கியது.

ஆபீஸ் எழுத்தர்களுக்குத் தலைவரான பெரிய கிராணி வீரசிங்கம் ஜன்னல் வழியாக இதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். வெள்ளை லோங்ஸ் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. யாழ்ப்பாணத்துக் குடும்பம். தோட்டத்தில் இங்கிலீஷில் எழுதிய எதுவும் அவர் வழியாகத்தான் போகும். ஜீப்பின் கையேட்டையும் அவர்தான் தன் அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்.

"என்ன தேவதாஸ், உம்மட பெட்டி இன்னும் குளிச்சு முடியேல்லையோ?"

"வேர்வைங்கய்யா."

"வேர்வையோ?"

"பெட்டி ஓடுறப்ப சூடாவுது. உள்ள இருக்கிற காத்து விரியும், கொஞ்சம் வெளிய போவும். நின்னா ஆறும். ஆறுனா காத்து சுருங்கும். வெளியிலேருந்து ஈரக் காத்த இழுக்கும். மூச்சு விடுற மாதிரிதான். அந்த ஈரம் பிளாஸ்டிக்குல மாட்டிக்கிட்டு வெளிய போவ முடியாம தண்ணியா நிக்குது."

அவர் சொன்னது அத்தனையும் சரிதான். கையேட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான் போட்டிருந்தது. வீரசிங்கம் பையைத் தூக்கி எடை பார்த்தார்.

"இது வேர்வை இல்லைக் காணும். காய்ச்சல்."

"ஏன் எப்பவும் சனிக்கிழமையாவே இருக்குப்பா?" என்று சந்திரிகா கேட்டாள்.

நல்ல கேள்வி. தேவதாஸ் பெருமையோடு மகளைப் பார்த்தார். அதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. மற்ற நாளெல்லாம் ஜீப் வெளியே ஓடிக்கொண்டே இருக்கிறது. வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் இரண்டு மணி நேரம் தகரக் கொட்டகைக்குள் கொதிக்கிறது. பின்னேரம் மழை பெய்து சட்டென்று ஆறுகிறது. அந்த நேரத்தில்தான் பெட்டி ஆழமாக மூச்சை இழுக்கிறது.

"அப்ப வெள்ளிக்கெழம வீட்டுக்கு வராம இங்கயே இருந்து பாத்துக்கலாம்லப்பா?"

"ஒங்கம்மா விடமாட்டா."

இழுக்கிற ஈரத்தை எதுவாவது குடித்துவிட்டால் போதும் என்று முடிவு செய்தார். ஈரத்தைக் குடிப்பதில் வறுத்த அரிசியை விஞ்சியது கிடையாது. வீட்டிலிருந்து ஒரு சுண்டு அளவு அரிசியை வறுத்து, துணியில் முடிந்து பெட்டிக்குள் வைத்தார்.

அடுத்த சனிக்கிழமை அரிசி இரண்டு மடங்காக ஊதியிருந்தது. துணி மூட்டை கிழிகிற நிலை. மூடி நிற்கவில்லை.

"பாத்தியா, எவ்வளவு குடிச்சிருக்கு" என்று தேவதாஸ் மகிழ்ச்சியோடு வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினார்.

லீலாவதி ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தாள். "இன்னும் ஒரு கொதி வந்தா எறக்கிடலாம்."

"வெளையாடாத லீலா. இன்னும் பத்து நாள்ல பரீட்சை ஆரம்பம்."

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கிரீஸ் படிந்த அவர் விரல்களைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

"இன்னும் அஞ்சு வாரந்தாங்க. அதுக்கப்புறம் ஒரு கவலையும் இல்ல. எல்லாம் சரியாயிடும்."

பரீட்சை முடிய இன்னும் ஐந்து வாரம் இருந்தது. அவளுடைய கணக்கு அவருக்கு ஆறுதலாக இருந்தது.

அரிசியால் வந்த இன்னொரு விளைவு திங்கட்கிழமை தெரிந்தது. அரிசி வாசனைக்கு வந்த எலி, அரிசி தீர்ந்துபோன ஏமாற்றத்தில் ஓர் ஒயரைக் கடித்துவிட்டுப் போயிருந்தது. ஜீப் முன்னால் போக மறுத்தது. அது ரிவர்சில் மட்டும் கோளாறில்லாமல் ஓடியதற்குத் தேவதாஸிடம் ஒரு நீண்ட விளக்கம் இருந்தது. கேட்கத்தான் ஆளில்லை.

ஒயரைப் பற்றவைத்தபோது அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஒயர்க் கொத்தையே ஒன்றரை கெஜம் நீட்டிவிட்டால் என்ன? பெட்டி சீட்டுக்கு அடியில் கிடக்க வேண்டியதில்லை. பள்ளம் வரும்போது மடியில் தூக்கி வைத்துக்கொள்ளலாம். சூடான பெட்டி குளிர்ந்த வெள்ளத்தில் முங்கினால், பம்பு மாதிரி தண்ணீரை உள்ளே இழுக்கும். மடியில் இருந்தால் முங்காது.

நாற்பத்திரண்டு ஒயர். ஒவ்வொன்றையும் வெட்டி, நீட்டி, ஈயம் வைத்து, டேப் சுற்றினார். இரண்டு நாள் ஆனது. சந்திரிகா பக்கத்தில் உட்கார்ந்து, வேதியியல் புத்தகத்தைப் படித்துக்கொண்டே ஒயரின் நிறங்களைச் சொன்னாள்.

அப்புறம்தான் கடைசி வைத்தியம். ரப்பர்த் தோட்டத்தில் இருந்துகொண்டு பிளாஸ்டிக்கை நம்பியது எவ்வளவு முட்டாள்தனம் என்று அவருக்கு உறைத்தது. சாக்குத் துணியில் ஒரு பை தைத்தார். ஸ்டோரில் இருந்த ரப்பர்ப் பாலில் அதை ஏழு தடவை முக்கி, ஏழு தடவை புகைக்கூடத்தில் காயவைத்தார். ஒரு சொட்டு உள்ளே போகாது, ஒரு சொட்டு வெளியே வராது. சோதித்துப் பார்க்க அதில் தண்ணீரை நிரப்பி ஒரு நாள் தொங்கவிட்டார். அடியில் வைத்த பேப்பர் நனையவில்லை.

பரீட்சை தொடங்கியது. மலாய்த் தாள் நாளில் பள்ளத்தில் கணுக்கால் தண்ணீர். சந்திரிகா முன்சீட்டில் உட்கார்ந்து, ரப்பர்ப் பையைப் பச்சைப் பிள்ளைபோல் மடியில் அணைத்துக்கொண்டாள். ஜீப் ஜம்மென்று கடந்தது. கணக்குத் தாள் நாளில் முழங்கால் தண்ணீர். அன்றைக்கும் கடந்தது.

ஆனால் சனிக்கிழமைகள் நிற்கவில்லை. ரப்பர்ப் பைக்குள் இப்போது ஒரு டம்ளர் இருந்தது. அதுவும் வெறும் தண்ணீர் இல்லை. வெண்மையாக இருந்தது. புளித்த நாற்றம் அடித்தது. பெட்டிக்குள்ளே செம்புக் கம்பிகள் மேல் பச்சையாகப் பூத்திருந்தது.

தேவதாஸ் அதை விரலால் தொட்டு முகர்ந்தார். முதல் தடவையாக அவரிடம் விளக்கம் இல்லை.

சந்திரிகாவிடம் இருந்தது. அவள் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து, மெதுவாகக் கேட்டாள்:

"அப்பா, ஸ்டோர்ல ரப்பர்ப் பால் ஒறையாம இருக்க என்ன கலப்பாங்க?"

"அமோனியா."

"அமோனியா செம்ப அரிக்கும்ப்பா."

அவர் மகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு ரப்பர்ப் பையைப் பார்த்தார். ஏழு தடவை முக்கியது நினைவுக்கு வந்தது.

"புளிச்ச வாடையும் ரப்பர்ப் பாலோடதுதான். வெள்ளையும் அதான். ஏம்மா, நானே அதுக்கு வெஷம் வெச்சுட்டேனா?"

"தெரிஞ்சா செஞ்சீங்க?" என்றாள். தோளில் கை வைத்தாள். "நெயில் பாலிஷ் ரிமூவர் வெச்சுத் தொடச்சிடலாம்பா. நான் பிரஷ் கொண்டுவரேன்."

அப்பாவும் மகளும் ஒரு பழைய பல் பிரஷால் ஒவ்வொரு கம்பியாகத் துடைத்தார்கள். பெட்டி பிழைத்தது. ஆனால் அன்றிலிருந்து எஞ்சினுக்குப் பழைய வேகம் வரவில்லை. ஏதோ யோசித்துவிட்டு ஓடுவதுபோல் ஓடியது.

மீதி ஒரே ஒரு தாள். டிசம்பர் முதல் தேதி, வியாழக்கிழமை, வேதியியல். புதன்கிழமை பகலெல்லாம் மழை. கடல் ஏற்றமும் அன்றுதான் அதிகம் என்று வானொலியில் சொன்னார்கள்.

வியாழக்கிழமை விடிகிற நேரம், ஆறே முக்காலுக்கு ஜீப் பள்ளத்துக்கு முன்னால் வந்து நின்றது. பள்ளத்தைக் காணோம். செம்பனை மரங்களுக்கு நடுவில் பழுப்பு நிறத்தில் ஓர் ஏரி இருந்தது.

"பெட்டிய நெஞ்சோட புடிச்சுக்க. ஒரே சீரா போவணும். வேகமாப் போனா அலை எழும்பும், நின்னா தண்ணி பின்னால வந்து ஏறும். நடக்குற வேகம். அவ்வளவுதான்."

"நீங்க பேசாம ஓட்டுங்கப்பா."

தண்ணீர் சக்கரத்தின் பாதிக்கு வந்தது. பிறகு கதவுக்கு வந்தது. உள்ளே காலடியில் குளிர்ந்தது. ஜீப் போய்க்கொண்டே இருந்தது. பாதி தாண்டியாயிற்று. தேவதாஸ் மூச்சை விட்டார்.

எஞ்சின் இரண்டு தடவை இருமியது. ஒரு தடவை தும்மியது.

பிறகு தவளைச் சத்தம் மட்டும் கேட்டது.

சந்திரிகா மடியில் இருந்த பையைத் திறந்து பார்த்தாள். "காஞ்சுதாம்பா இருக்கு. ஒரு சொட்டு இல்ல."

"தண்ணி இல்லம்மா. அமோனியா. அரிச்சு முடிச்சிடுச்சு."

அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். எட்டு வாரம் தண்ணீரை விரட்டியவர், தண்ணீருக்கு நட்டநடுவில் மகளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். மணி ஆறு ஐம்பத்தைந்து. பரீட்சை எட்டு மணிக்கு.

"ஏறி தோள்ல ஒக்காரு. தூக்கிட்டுப் போறேன்."

"எனக்குப் பதினேழு வயசுப்பா."

"அறுவது கிலோ ரப்பர்க் கட்டியத் தூக்குவேன். ஏறு."

அப்போதுதான் பின்னால் தடதடவென்று ஒரு சத்தம் கேட்டது. செம்பனைக் குலை ஏற்றுகிற பழைய டிராக்டர். அதற்கு மூளை கிடையாது. தண்ணீர் அதன் பின்சக்கரத்தில் பாதிக்குக்கூட வரவில்லை. தோட்டத்து டிராக்டர்காரன் தங்கராஜு ஓட்டிக்கொண்டு வந்தான். சக்கரத்துக்கு மேல் இருந்த தகரத்தில், பால் வெட்டப் போகிற உடுப்பில், குடையும் சோற்றுத் தூக்குமாக லீலாவதி உட்கார்ந்திருந்தாள்.

டிராக்டர் ஜீப் பக்கத்தில் வந்து நின்றது. சந்திரிகா ஜன்னல் வழியாக அம்மாவின் கையைப் பிடித்து ஏறினாள். பாவாடை நுனிகூட நனையவில்லை.

தேவதாஸ் கீழேயிருந்து மனைவியைப் பார்த்தார். "நேத்தே சொல்லி வெச்சியா?"

"ஆமாங்க."

"ஏன், என் ஜீப்பு மேல நம்பிக்கை இல்லியா?"

"ஜீப்பு மேல இருந்துச்சு. கடல் மேல இல்ல." குடையை அவர் பக்கம் நீட்டினாள். பிறகு வெள்ளத்தைப் பார்த்து, தனக்குள் பேசுவதுபோல் சொன்னாள்: "ஒரு நாள் முந்திக்கிச்சு. சனிக்கெழம வந்திருந்தா நின்னுருக்காது."

அதற்கு என்ன அர்த்தம் என்று அவர் கேட்பதற்குள் டிராக்டர் கிளம்பிவிட்டது. தண்ணீருக்கு நடுவில் குடையைப் பிடித்துக்கொண்டு, மூளை செத்த ஜீப்பின் கூரைமேல் ஏறி, மகள் பெரிய சாலைக்குப் போய்ச் சேருகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஏழே கால் பஸ்ஸில் ஏறிக் கை ஆட்டியது அங்கிருந்தே தெரிந்தது.

மாலையில் அவள் வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னாள்.

"அப்பா, அஞ்சாவது கேள்வி அமோனியா."

"நெசமாவா?"

"எட்டு மார்க். நம்ம பெட்டிய நெனச்சுக்கிட்டு எழுதினேன். தாள் பத்தலலா."

அன்று ராத்திரி தேவதாஸ் ஒரு வார்த்தை விளக்கம் சொல்லாமல் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்தபின், "போனா போவட்டும்" என்று மட்டும் சொன்னார். வேலை போவதைச் சொல்கிறார் என்று லீலாவதிக்குப் புரிந்தது. அவள் அவர் இலையில் இன்னொரு துண்டு கருவாடு வைத்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. டிராக்டரில் கட்டி இழுத்துவந்த ஜீப் கொட்டகையில் நின்றது. மதியம் தேவதாஸ் வீட்டுக்குப் போகவில்லை. பாயசம் சாப்பிடுகிற நிலையில் அவர் இல்லை. கொட்டகையிலேயே ஒரு முக்காலியைப் போட்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எதிரே வீரசிங்கம் காகிதமும் பேனாவுமாக நின்றார். மேனேஜருக்கு உண்மையை எழுதிக் கொடுத்துவிடுவது என்று முடிவாகியிருந்தது.

"சொல்லும். நான் இங்கிலீசில போடுறன்."

"தண்ணி ஒரு சொட்டுகூட வெளியேருந்து போவலன்னு மொதல்ல போடுங்கய்யா. அது முக்கியம். வெள்ளத்துல மகளோட மடியில பத்திரமா இருந்துச்சு. பெட்டி கெட்டது என்னாலதான். ரப்பர்ப் பால்ல பை செஞ்சேன். அதுல அமோனியா இருந்துச்சு. அமோனியா செம்ப எப்படி அரிக்கும்னா..."

"அந்த விளக்கம் வேண்டாம் காணும்."

"போடுங்கய்யா. அவருக்குத் தெரியணும்ல."

வீரசிங்கம் பெருமூச்சு விட்டு எழுதினார். எழுதி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தேவதாஸ், பதினெட்டு வருஷத்தில இந்தத் தோட்டத்தில தன்ர பிழையைத் தானே வந்து எழுதச் சொன்ன ஆள் நீர் ஒருத்தர்தான். கீழ நானும் ரெண்டு வரி சேர்க்கிறன். பிள்ளை எல்லாத் தாளும் எழுதிப்போட்டாள் எண்டு."

தேவதாஸ் தலையை ஆட்டினார். கண் கலங்கியது. கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கினார்.

அந்த நேரத்தில் கொட்டகையின் பின்பக்கத் தகரம் விலகியது. பூசாரி சன்னாசி உள்ளே வந்தார். நெற்றி நிறையத் திருநீறு. கையில் வேப்பிலை மூடிய ஒரு பெரிய செம்பு. வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு இவர்கள் இருவரும் தெரியவில்லை. நேராக ஜீப்புக்குப் போய், பழகிய கையால் முன்சீட்டைத் தூக்கினார். அடியில் தடவினார். ஒன்றும் அகப்படாமல் நிமிர்ந்தபோதுதான் முக்காலியையும் அதில் உட்கார்ந்திருந்தவரையும் பார்த்தார்.

"அட, இங்கதான் இருக்கீங்களாண்ணே? அந்த மூடிய கொஞ்சம் தெறங்க. எட்டு வெள்ளிக்கெழமையா சாமி மேல ஊத்துன தீர்த்தமும், பரீட்சை ஆரம்பிச்சதுலேருந்து பாலும், விடாம உள்ள ஊத்தியாச்சு. இன்னிக்கு ஒம்பதாவதும் ஊத்திட்டா, இனிமே தண்ணி அந்தப் பெட்டிய அண்டவே அண்டாதுன்னு லீலாவதியக்கா வேண்டியிருக்குலா."